பதினோராம் இலக்கப் போத்தல்

கடைசித் தட்டு றோஸ் பாணை இழுத்துவிட்டு
மா அப்பிய காலில் சப்பாத்தைக் கட்டும்போது
நாலேகால்.
கல்லடிப் பாலத்தடியில் நிற்கிறான் இல்யாஸ்,
நகக்கண்ணில் நேற்றைய கிறீஸ்.

பழைய பாலம் பக்கத்தில் இருட்டாய்க் கிடக்கிறது.
வாவிக் காற்றுத் தொட்ட இடமெல்லாம் துரு.
அந்தப் பாலத்துக்கு நடக்கிறதுதான் உங்களுக்குள்ளும் என்றா
மிதுர்ஷா மிஸ்,
முதல் நாள் என் முழங்கையில் பஞ்சை அழுத்தியபடி.
நீங்கள் இழுக்கிற ஒட்சிசனில் கொஞ்சம்
கைநழுவிப்போய் உங்களையே கடிக்குமாம்.
நெடுந்தூரம் ஓடினால் கூடக் கடிக்குமாம்.
"அப்ப ஓடாமல் இருந்தால்?"
"இருந்தாலும் துருப்பிடிக்கும்" என்று சிரித்தா.

பதினெட்டுப் பேர். பன்னிரண்டு கிழமை.
ஆளுக்கொரு வெள்ளைப் போத்தல்.
சிலதில் விற்றமின் குளிசை, சிலதில் வெறும் சுண்ணாம்பு.
எதில் எது என்று அவவுக்கும் தெரியாது.
என்னுடையது பதினொன்று. இல்யாஸுக்கு நாலு.

காத்தான்குடியில் நடுத்தெருப் பேரீச்சைகள்
ஒவ்வொன்றாய்ப் பின்னுக்குப் போகும்.
ஆரையம்பதி தாண்டித் தாளங்குடாவில் கிறுகுவோம்.
அதற்குப் பிறகுதான் அது.

பதினோராவது கிலோமீற்றரில்
தொடைக்குள் ஒரு போறணை எரியும்.
போறணை எனக்குத் தெரியும்.
கதவைத் திறக்காமலே சொல்வேன்
தீ எந்த மூலையில் நிற்கிறதென்று.
பொறி பறக்கும்.
பறந்தது கொழுப்பில் விழும், சதையில் விழும்,
உயிரணுவின் சுவரில் ஒரு கரும்புள்ளி.
நான் குளிசையை நம்பி ஓடினேன்.
காலையில் ஒன்று, இரவில் ஒன்று,
தண்ணீர் வாளி தூக்கிய இரண்டு பேர் போல.

பன்னிரண்டாம் கிழமை உறையைக் கிழித்தார்கள்.
பதினொன்று: விற்றமின்.
நாலு: சுண்ணாம்பு.
"சுண்ணாம்பு திண்ட ஆள் மச்சான் நான்" என்று
இல்யாஸ் ஆஸ்பத்திரி வாசலில் ஆடினான்.
அவன் இரத்தத்தில்
காவலுக்கு ஆள் கூடியிருந்தது,
சொந்தமாய் வளர்த்த ஆட்கள்.
என்னுடையதில்
முதல் நாள் இருந்தவர்கள் இருந்தபடி.

"பயந்தால்தான் உடம்பு காவலுக்கு ஆள் எடுக்கும்"
என்றா மிஸ், கணினியைப் பார்த்தபடி.
பயப்பட நீங்கள் விடவில்லை.
மறுகா உடனே,
பதினெட்டுப் பேரை வைத்து ஊருக்குச் சொல்ல ஏலாது,
அளவுக்கு மிஞ்சி எரித்தாலும் சாம்பல்தான்,
ஞாயிறு ஓய்வெடுங்கள் என்றா.

எனக்கு ஞாபகம் வந்தது வேறொன்று.
போன மார்கழி மழைக்குத் தடிமன்.
மூக்கு அடைத்துக் கிடந்தது.
எண்பது இறாத்தல் பாண் கரியாகும்வரை
போறணைக்கு முன்னாலேதான் நின்றேன்.
கண்ணில்லையா என்று கேட்டார் முதலாளி.
கண் இருந்தது.

வலது கையைத் திருப்பிப் பார்த்தேன்.
பதினாறு வருடத் தட்டுகள்
சுட்டுச் சுட்டுத் தடித்த தோல்.
களிம்பு பூசி வளர்த்ததில்லை இதை.

போத்தலில் ஆறு குளிசை மிச்சம்.
வீணாக்குவானேன் என்றாள் ரஜனிதேவி.
பிள்ளைக்குக் கொடுக்கவா என்றாள்.
பதில் சொல்லத் தெரியவில்லை.
உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறது இன்னும்.

இன்று காலை
தாளங்குடாவில் கிறுகிய பிறகு
இல்யாஸின் ஈர முதுகு நாலு முழம் முன்னால்.
தொடைக்குள் தீ ஏறியது.
வேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டவுமில்லை.
மூக்கால் நெடுக இழுத்து
மணந்து பார்த்தேன்.

ஆரையம்பதிச் சந்தியில் யாரோ
வடைச்சட்டியைக் கருகவிட்டிருந்தார்கள்.