பத்தாவது பித்தளைக் கால்

பொத்தானை அழுத்தினால்
விசிறி அரைச்சுற்று சுற்றும்.
கூப்பிட்டது யாரென்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு
மறுபடி சுவர்ப்பக்கம் புரண்டு படுப்பவரைப் போல
நின்றுவிடும்.
நான்கு நாளாய் இதுதான்.

நான் ஒஸ்த்ராவா டிராம் பணிமனையில் எலக்ட்ரீஷியன்.
பகல் முழுக்க அறுநூறு வோல்ட்டோடு சகவாசம்.
வீட்டில் வெறும் பன்னிரண்டு வோல்ட்
முகம் கொடுக்க மாட்டேன் என்கிறது.
போக்தானும்தான்.

"நான் பார்க்கட்டுமா?" முதல் நாளே கேட்டேன்.
"நான் கட்டியது" என்றான்.
அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்பதுபோல்.
கோக் ஆலையின் கணக்குப் பிரிவை மூடிய பிறகு
அவன் கையால் முடித்த முதல் வேலை இது.
மதர்போர்டு தவணையில்.
பவர் சப்ளை மைத்துனன் கழித்துப்போட்டது.
பெட்டி, யாரோ ஒரு பையன்
இரண்டு பியர் காசுக்குக் கொடுத்தது.

ஞாயிறு இரவு, அவன் குறட்டை சீரானதும்
காலுறையோடு நடந்து போனேன்.
முதலில் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கு.
பிறகும் ஒருமுறை பொத்தானை அழுத்து;
தேங்கிய கொஞ்ச நஞ்சமும் வடியட்டும்.
இதைப் பணிமனையில் யாரும் சொல்லித் தருவதில்லை,
ஒருமுறை தூக்கி அடித்தால் போதும்.

பச்சைக் கம்பிக்கும் கறுப்புக்கும் நடுவே
வளைத்த பேப்பர் கிளிப்.
மைத்துனன் பெட்டி முணுமுணுத்துக்கொண்டு ஓடியது.
சரி, நீ இல்லை.
மெமரியைக் கழற்றி மாட்டினேன்.
கிராபிக்ஸ் அட்டையை எடுத்து ரொட்டிக்கூடையில் வைத்தேன்.
ஹார்ட் டிஸ்க்கும் வேண்டாம், போ.
ஒவ்வொன்றாய்க் குறைத்தும் அதே அரைச்சுற்று.

கடைசியில் போர்டையே தூக்கி
அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்தேன்.
இரண்டே இரண்டு ஊசி,
ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு தொடல்.
ஓடியது!
இருட்டுச் சமையலறையில்
நிற்காமல், நிற்கவே நிற்காமல்.

அப்படியென்றால் குற்றம் பொருளில் இல்லை,
பொருளைப் பொருத்திய இடத்தில்.
டார்ச் அடித்து எண்ணினேன்.
போர்டில் துளைகள் ஒன்பது.
பெட்டித் தரையில் பித்தளைக் கால்கள் பத்து.
அந்தப் பையனின் பழைய போர்டுக்காக நின்ற ஒன்று
இப்போது யாரையும் தாங்காமல்
அடிவயிற்றில் குத்திக்கொண்டு நின்றது.
சுண்டுவிரல் நகமளவு.

திருகி எடுத்து ஜாக்கெட் பையில் போட்டேன்.
கடினமான வேலை அதற்கப்புறம்தான்:
எதையும் திருத்தாமல் திரும்ப மாட்டுவது.
அவன் கோணலாய் விட்ட வயரைக் கோணலாகவே விட்டேன்.
முழுதும் முறுக்காத திருகை
முக்கால்தான் முறுக்கினேன். கை நடுங்கியது.
பிளாஸ்டிக் பட்டை தீர்ந்துபோய்
ஷூ நாடாவால் அவன் கட்டிய முடிச்சை
அதேபோல் கட்டினேன்.

காலை. அழுத்தினான்.
விசிறி சுற்றியது; சுற்றிக்கொண்டே இருந்தது.
சின்னதாய் ஒரு பீப்.
"ராத்திரி ஓய்வு கொடுத்தேனில்லையா,
அதான்" என்றான். காது மடல் வரை சிவப்பு.
மூடியைப் போடக் குனிந்தவன்
கொஞ்சம் அதிகமாகவே குனிந்திருந்தான்.
அவன் இடக்கைக்காரன்.
முடிச்சின் காது
வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

விரலால் அதைத் தொட்டான்.
அவிழ்க்கவில்லை. மூடினான்.

ஜாக்கெட்டை எடுத்து நீட்டும்போது
சாவிக்கொத்தில் ஏதோ உரசிக் கிணுங்கியது.
"என்ன அது?"
"சில்லறை."
கொஞ்ச நேரம் என் பையையே பார்த்தான்.
"சில்லறைதான்" என்றான்,
கதவைத் திறந்து பிடித்தபடி.
ஐந்தேகால் டிராம்
திருப்பத்தில் மணியடித்தது.