தகரக் கூரை

தேர்தல் முடிந்தும்
பாகான் செராய் ஜெபக்கூட்டத்தில்
ஜன்னலோரம் என் அண்ணன் எசேக்கியேல்,
கதவோரம் என் வீட்டுக்காரர் தீத்து.
நடுப்பெஞ்சில் நானும் கைப்பையும்.

இருவர் மனசையும் திருப்பும் என்று
புதன்தோறும் கேட்கிறேன், ஆண்டவரே.
நானும் ஓட்டுப் போட்டவள்தான்.
யாருக்கென்று ஒருவரும் கேட்டதில்லை.

பாஸ்டர் "சமாதானம்" என வாயெடுக்க,
செம்பனைக் காட்டு மழை
தகரத்தில் கொட்டியது.
உதடு மட்டும் அசைந்தது அவருக்கு.

கதவோரம் ஒழுக,
வேதாகமத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
எழுந்தார் இவர்.
ஜன்னல் சாரலில் பாதி நனைந்து
அண்ணனும் வந்தார்.
கைப்பையை மடிக்கு மாற்றினேன்.

பெஞ்சு சின்னது.
"கொஞ்சம் தள்ளி உட்காரு."
யார் யாரிடம் சொன்னார்களோ,
மழையில் தெரியவில்லை.
மூவரும் தள்ளினோம்.