துணிக்கொடியில் நூற்றாண்டுகள்

பண்ணைக்காட்டில் மழை பிடித்துக்கொண்டால்
துணி காய நாலு நாள்.
அடுப்படிக்குள் குறுக்கே கட்டிய கொடியை
துணியிடமிருந்து பிடுங்கி
வரலாற்றுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒரு கிளிப்புக்கு ஒரு நூற்றாண்டு.
கயிறு தாழ்ந்து தொங்கும் நடுவிடத்தில் பெத்லகேம்.
அங்கே மட்டும் ஏன் தாழுது, என்றாள் செசிலி.
பாரம், என்றேன்.

இடப்பக்கம் ஆபிரகாம், கீழடிப் பானை ஓடு,
தாண்டிக்குடி ஏறி நாங்களே வரைந்து வந்த கற்திட்டை,
எகிப்தின் பத்து வாதைகளும் ஒரே அட்டையில்.
வலப்பக்கம் தஞ்சைக் கோபுரம், அசிசியார்,
முத்துக்குளித்துறையில் இறங்கும் சவேரியார்.
சோறு வடிக்கிற ஆவியில்
சவேரியாருக்கு ஓரம் சுருண்டுவிட்டது.

ஸ்கூலுக்கு அனுப்பாம வளர்க்கிறீங்களாமே,
என்பார் காப்பிக்கொட்டை எடைபோட வருகிறவர்.
தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்
ஆமாம் என்பேன்.

செவ்வாய்க்கிழமை, நம் பண்பாடு.
தாலியில் புறா, கோயில் முற்றத்தில் பொங்கல்பானை,
சப்பரத்துக்கு மிளகும் உப்பும் போடும் வழக்கம்
என்று மூன்று பக்கம் எழுதிவைத்திருந்தேன்.
இஞ்ஞாசி வேறொரு தாளோடு வந்தான்.
தகரப்பெட்டியில் நிலப்பத்திரத்துக்கு அடியில்
அவன் அப்பா வைத்திருந்தது.
பூட்டனின் ஞானஸ்நானப் பதிவின் நகல்,
பங்குச்சாமியாரின் சாய்ந்த கையெழுத்தில் லத்தீன்.

நானும் அவனும் சேர்ந்தே படிக்கும் லத்தீன்
ஆறாம் பாடத்தில் நிற்கிறது.
ஆறு பாடம் போதுமாக இருந்தது.
வயசு இருபத்திரண்டு. எஸ்தாக்கி.
அதுக்கு முன்னாடி சடையன்.
அப்புறம் விரலை நகர்த்தி,
இந்தக் கட்டத்துல சாதின்னு போட்டிருக்கும்மா.
தலையில தண்ணி ஊத்தும்போது
சாமியார் எதுக்கு அதைக் கேட்டாரு?

கொடியில் நாற்பது கிளிப்.
ஒன்றிலும் இதற்கு அட்டை இல்லை.

கவாத்துக் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்த சேசுராசு
முதுகைத் திருப்பாமலே சொன்னான்.
கீழ்மலையில் ஒரு கோயில்.
நடுவே இரும்புக் கிராதி.
எஸ்தாக்கி முழந்தாளிட்டது இடப்பக்கம், கதவோரம்.
நற்கருணை அந்தப் பக்கம் முடிந்துதான்
இந்தப் பக்கம் வரும்.

அந்தப் பக்கம் யாரு, என்றாள் செசிலி.

கத்தியைத் துடைத்தான். துடைத்ததையே துடைத்தான்.
அது என் பாடம்.
என் அம்மாவைப் பெற்றவர்கள், என்றேன்.
என் தாய்மாமன்கள்.
நம் வீட்டுக்கு ஒருமுறையும் வராதவர்கள்.
ஊர்ப்பெயர் கேட்டார்கள். சொல்லவில்லை.
எனக்கும் அது இன்னும் ஊர்தான்.

அப்ப நாங்க எந்தப் பக்கம்?

பால் பொங்கி அடுப்பு அணைந்தது.
எல்லோரும் ஒரே சமயத்தில் துணி தேடினோம்.

இரண்டு வாரம் கழித்து
நானே அவர்களைக் கீழே இறக்கும் பஸ்ஸில் ஏற்றினேன்.
வளைவுக்கு வளைவு வாந்தி.
கிராதி எப்போதோ போய்விட்டது.
பூசைக்கு எல்லோரும் எங்கும் உட்கார்ந்தார்கள்,
என் மாமன் மகன் மட்டும் தூணைப் பார்த்தபடி.
செசிலி நடுப்பாதையில் நின்றுகொண்டாள்.
ஓரமா வா பாப்பா, என்று உபதேசியார் கூப்பிட
எந்த ஓரம், என்று கேட்டாள்,
மரியாதையாகத்தான்.

தரையில் சிமெண்டு அடைத்த வட்டங்கள்.
செருப்பில்லாத பெருவிரலால் ஒவ்வொன்றாய் அழுத்தி
பீடம்வரை போய்த் திரும்பினாள்.
பதினொண்ணு, என்றாள் என் காதில்,
எழுந்தேற்ற மணி அடிக்கும்போது.

வீட்டுக்கு வந்து அட்டை வெட்டினாள்.
பதினொரு வட்டம், கறுப்புப் பென்சிலில்.
பெயரில்லை, வருஷமில்லை.
சடையனுக்குப் பக்கத்திலா,
போன ஞாயிற்றுக்கிழமைக்கா என்று
கிளிப்பைத் திறந்து திறந்து மூடுகிறாள்.
வெளியே மழை.
ஈரக் காலுறைகள் இரண்டை யாரோ
பதினேழாம் நூற்றாண்டில் போட்டிருக்கிறார்கள்.