ஏழா, ஒன்பதா

சனிக்கிழமை. கூலி வர ஆறு மணியாகும் என்றார்கள்.
பெரும்பாக்கம் ஏரிக்கரையில்
கம்பிவேலி கிழிந்த இடமாய்ப் பார்த்து உட்கார்ந்தோம்,
நகக்கண்ணெல்லாம் ஒயிட் சிமென்ட்.

இந்த ஊரில் தட்டைக்கல் கிடைப்பதில்லை.
மணல், களிமண், விட்டால் ஜல்லி.
ஜல்லி தண்ணீரைக் கண்டதும் தலைகுப்புற விழும்.
ஆனால் பதினாலு மாடிக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர்களுக்குச்
சில்லுக்கா பஞ்சம்?
பாத்ரூம் மூலைக்கு வெட்டியதில் மிச்சம்,
ஒருபக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு.

"வழவழப்பு அடியில இருக்கணும்"
என்றாள் தேசம்மாள்.
சித்தாளாக வந்த மூன்று மாதத்தில்
அவள் எனக்குச் சொன்ன முதல் முழு வாக்கியம்.

புடவைமேல் போட்டிருந்த ஆண்சட்டையின் கையை மடித்தாள்.
இடுப்பை ஒடித்து
தண்ணீர் மட்டத்துக்குக் கையைத் தாழ்த்தி
மணிக்கட்டில் ஒரே சொடுக்கு.

தத். தத். தத்.
நாமக்கோழிகள் விலகி வழிவிட்டன.
நாங்கள் கட்டிய கட்டடம் தலைகீழாய்க் கிடந்த தண்ணீரில்
ஒவ்வொரு மாடியாய் மிதித்துக்கொண்டு போனது சில்லு.

ஏழு, என்றேன்.
"ஒம்போது.
கடைசி மூணையும் நீ ஒண்ணா எண்ணிட்ட.
அங்க அது தாவாது, ஓடும்,
நெருக்கி நெருக்கி, பொடிப்பொடியா.
அதுக்கும் தண்ணியத் தொட்டுத்தான ஆவணும்?"

ஏகாம்பரம் மேஸ்திரி வந்தார்.
பைக் சீட்டிலேயே நோட்டை விரித்தார்.
தேசம்மாள், பதினொரு நாள்.

பதிமூணு, என்றாள்.

மழையில் பாதியில் விட்ட நாள்,
மணல் லாரி வராமல் குந்தியிருந்த நாள்,
லிஃப்ட் நின்று, மூட்டைகளை
ஒன்பதாவது மாடிக்குத் தலையில் ஏற்றிவிட்டு
மதியத்தோடு அனுப்பப்பட்ட நாள்.
மூன்றும் சேர்ந்து நோட்டில் ஒரே கோடு.

மேஸ்திரி சிரித்தார். என்னைப் பார்த்தார்:
நீயே சொல்லு கன்னியப்பா.

நான் ஏரியைப் பார்த்தேன்.
முதல் வளையங்கள் எப்போதோ கலைந்துபோயிருந்தன.
தூரத்தில் ஏதோ இன்னும் அசைந்தது,
மீனாகவும் இருக்கலாம்.

"பதிமூணுதான்."
தொண்டையில் சிமென்ட் தூள் என்பதால்
இரண்டாம் தடவையும் சொல்ல வேண்டியிருந்தது.

பன்னிரண்டுக்குக் கொடுத்தார்.
அவள் இரண்டு தரம் எண்ணி, சட்டைப்பையில் வைத்து,
நூற்றிரண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

இது மூன்றாவது திங்கட்கிழமை.
மேஸ்திரி என் போனை எடுப்பதில்லை.
கரையில் ஒரு குவியல் சில்லு இன்னும் கிடக்கிறது.
வழவழப்பு அடியில், கை தாழ்வாக,
எல்லாம் அவள் செய்தபடியேதான்.

எனக்கு நாலு வருகிறது.
கடைசியில் ஒன்று
தொட்டதா இல்லையா என்று
சொல்ல ஆளில்லை.