ஒன்பது பதினேழு

நீடாமங்கலத்துக்கு மேற்கே
வெண்ணாறு மூன்றாகப் பிரியும் தலைப்பில்
எங்கள் அலுவலகம். நான் தினக்கூலி.
ஷட்டர் எத்தனை அடி, தண்ணீர் எத்தனை கனஅடி,
காலை ஆறு, மாலை ஆறு,
கணினியில் ஏற்றுவது என் வேலை.

ஐப்பசி இருபத்தொன்று, இரவு இரண்டு நாற்பதுக்கு
கோரையாற்றின் வலது கரை பெயர்ந்தது.
ராவியத்தம்மாள் கட்டிலுக்கு அடியில்
வாத்துச் சத்தம் கேட்டு விழித்தாராம்.

விடிந்து ஒன்பது மணிக்குமேல்
உதவிப் பொறியாளர் தயாபரன்
தலைகூடத் துவட்டாமல் வந்தார்.
"நேத்து சாயங்கால அறிவிப்புல ஒரு வரி விட்டுப்போச்சு. சேர்த்துடு."

கரையோரம் வசிப்போர் மேடான இடம் செல்லவும்.
ஐந்து சொல். பிழை ஒன்றும் இல்லை.

பின்னால் சேர்த்த வரிக்கென்றே
எச்டிஎம்எல்லில் ஒரு குறி உண்டு, இன்ஸ்.
வரிக்கு முன் திறக்கும், பின் மூடும்.
திறக்கிற இடத்திலேயே எழுதலாம்
ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம்,
கிரீன்விச்சுக்கு நாம் ஐந்தரை மணி முந்தி என்பது வரை.
எழுதாவிட்டாலும் வேலை செய்யும்.

எழுதினேன்.

திரையில் ஐந்து சொல்லுக்கும் அடியில்
கோடு விழுந்தது.
"அதென்ன கோடு?"
"புதுசா சேர்த்தா அப்படி வரும் சார்."
"எடு."

கோட்டை எடுக்க ஒரு கட்டளை போதும்.
எடுத்தேன்.
முதல்நாள் மாலையே பிறந்ததுபோல்
மற்ற வரிகளோடு அது உட்கார்ந்துகொண்டது.
டீ வாங்கித் தந்தார். குடித்தேன்.

நேரத்தை எடுக்கச் சொல்லவில்லை அவர்.
அது உள்ளே கிடப்பது அவருக்குத் தெரியாது.
நானும் சொல்லவில்லை.
இதைத் துணிச்சல் என்று யாரேனும் சொன்னால்
எனக்குச் சிரிப்பு வரும்.

பத்து நாள் கழித்து ராவியத்தம்மாள் வந்தார்.
நாற்றங்கால் போச்சு, வாத்து பதினொன்று போச்சு,
சுவரில் தொடை உயரத்துக்கு வண்டல் கோடு.
மனுவைத் திருப்பியிருந்தார்கள்:
முன்னெச்சரிக்கை அளித்தும் வெளியேறவில்லை.
"எத்தனை மணிக்குத் தம்பி அளிச்சீங்க?"

உள்ளறையில் சார் போனில் இருந்தார்.
நான் ஒன்றும் சொல்லாமல்
திரையை மட்டும் அவர் பக்கம் திருப்பினேன்.
"கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க யாராவது
உங்க வீட்ல..."
"கூத்தாநல்லூர்ல எட்டு வருஷம்
நெட் சென்டர் நடத்தினவ நான்," என்றார்,
"தள்ளு."

வலது பொத்தானை அழுத்தி
மூலத்தைத் திறந்தார்.
விரலை வைத்துக் கீழே கீழே இறங்கி
ஓரிடத்தில் நிறுத்தினார்.
"ஒன்பது பதினேழு. கூட்டல் அஞ்சு முப்பது."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"பிரிண்ட் போடு. ரெண்டு காப்பி."