வேண்டா

மேல்பட்டி ரயிலடிக்குப் பின்னால்
பம்புசெட்டுத் தொட்டியில் ஞானஸ்நானம்.
பாலாற்றில் கணுக்கால் நனையக்கூட நீரில்லை.

ஆம்பூர் ஷூ கம்பெனியில்
எனக்கு அடுத்த மிஷின் அவள்.
மூன்று பெண்ணுக்குப் பின் நாலாவதும் பெண்,
அதனால் வேண்டா.

அவளுடைய பைபிளை
அண்ணன் அடுப்பில் போட்ட மறுநாள்
புருவத்தில் பிளாஸ்திரியோடு வந்தாள்,
நூல் கோத்தாள்,
முந்நூறு ஜோடி முடித்தாள்.
மதியம் டிபன் மூடியைத் திறந்தபடி கேட்டாள்:
"உன் புக்கு கொஞ்ச நாளு தர்றியா?"

என் புக்கு.
கல்யாணத்துக்குச் சித்தி கொடுத்தது.
உறை ஜிப் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது.
அப்படியே கொடுத்தேன், வெட்கமாயிருந்தது.

எனக்கு எல்லாம் தூக்கத்தில் நடந்தது.
நாற்பது நாள் குழந்தையை யாரோ ஏந்த,
யாரோ எனக்காக ஆமென் சொல்ல,
கிரேஸ் புஷ்பலீலா ஆனேன்.
எவரும் என்னை அடிக்கவில்லை.

தொட்டிக்குள் இறங்குமுன் பாஸ்டர் கேட்டார்,
புதுப்பேர் என்ன வைக்கலாம்?
ரூத்? லீதியாள்?

"வாணாங்க.
வேண்டான்னுதான் அவரு என்னைக் கூப்ட்டாரு.
வேற பேர் சொன்னா
எனக்குத் திரும்பத் தெரியாது."

மோட்டார் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை.
தூர வரப்பில் பெரியக்கா ஒருத்தி மட்டும்
முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள்,
கையில் மாற்றுத்துணி.

திங்கட்கிழமை புக்கு திரும்பி வந்தது.
மிஷின் எண்ணெய் விட்டிருப்பாள்போல,
ஜிப் ஒரே இழுப்பில் திறந்தது.
முதல் பக்கத்தில் என் பெயர்,
சித்தியின் கையெழுத்தில்.

வேண்டாவிடம் பேனா கேட்டேன்.