இருபத்திரண்டாம் படம்

குவிமாடத்தைத் திறப்பது நான்.
எந்தப் பக்கம் திருப்புவது என்பது அவர் பாடு.
இருபத்தெட்டு வருஷமாக இதுதான் ஏற்பாடு.

லா செரெனாவில் மதியம் கிளம்பும் வேனில்
முன்னிருக்கை பிடித்து
கடல் மறையும் வரை கடலைப் பார்த்தபடி
மலையேறி வருவார் டாக்டர் ரொசால்பா கிலோத்ரான்.
வருஷத்துக்கு மூன்று இரவு. சில வருஷம் இரண்டு.
ஒரு வருஷம் தேர்வுக்குழு கைவிரித்துவிட்டது.
அந்த வருஷம்தான் மகள் பிறந்தாள்.
எனக்கு வந்த செய்தி இவ்வளவுதான்:
ஐலென். மூன்று கிலோ நூறு.
அங்கே காற்று எப்படி?

முதல் இரவில் அவருக்கு இருபத்தாறு வயது.
தென்வானின் ஓரத்தில் ஒரு மங்கல் பொட்டு,
பெயர் கிடையாது, ஓர் எண்,
அதிலும் நான் இரண்டு இலக்கத்தை மாற்றி அடித்து
அரைமணி நேரம் வெற்று வானத்தைப் படம் பிடித்தோம்.
வெற்று என்று எதுவும் இல்லை, விடுங்கள், என்றார்.
மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன்.
அவர் சொன்னது இயற்பியல்.

அந்தப் பொட்டு ஒரு விண்மீன் திரள்.
பால்வீதியைப் போல நாலு மடங்கு கனம்,
உள்ளே அத்தனையும் கிழட்டுச் சிவப்பு.
வாயு தீர்ந்தது, இனிப் பிறப்பில்லை,
அடுப்பு அணைந்து எழுநூறு கோடி வருஷம்
என்று நிறுவித்தான் டாக்டர் ஆனார்.
செத்த திரளுக்கு உதாரணம் கேட்டால்
துறையில் அதன் எண்ணைச் சொன்னார்கள்.
அடுத்து அவர் பெயரைச் சொன்னார்கள்.

நிலம் ஆடிய ஓர் இரவும் உண்டு.
படத்தில் ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு கிறுக்கல்.
பள்ளத்தாக்கில் என் வீடு நிற்கிறதா என்று
நான் போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க
அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து
கண்ணாடியை மூடி, பூட்டுகளைப் போட்டு,
குவிமாடத்தைச் சாத்தினார், வரிசை பிசகாமல்.
யாரும் சொல்லித் தந்ததில்லை.
இத்தனை நாளும் என் கைகளையும்
கவனித்திருக்கிறார்.

போன ஆகஸ்டில் புதிய கேமரா.
இரண்டு இரவுகளில் ஏழு மணி நேர வெளிச்சத்தை
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம்.
பொட்டைச் சுற்றி ஒரு வளையம்,
நகத்தால் சுரண்டினால் திரையிலிருந்து போய்விடும் போல.
நீலம்.
நீலம் என்றால் இளசு.
ஏதோ ஒரு சின்னத் திரளை விழுங்கி
அதன் வாயுவில் சத்தமில்லாமல்
நட்சத்திரம் பெற்றுக்கொண்டிருக்கிறது
செத்ததாக நாங்கள் எழுதியது.

பழைய பதிவேடு இருக்கிறதா, என்றார்.
இருந்தது, காபிப் பெட்டிகளுக்குப் பின்னால்.
முதல் இரவு, என் கையெழுத்து:
படம் 22. நாற்பது நிமிடம். நிறமாலையில் சிறு மேடு.
காஸ்மிக் கதிர் பட்டது என்கிறார். நீக்கியாகிவிட்டது.

அந்த மேடு ஹைட்ரஜன்.
அன்றைக்கே கை தூக்கியிருக்கிறது.

சிரித்தார். நானும் சிரிக்கலாமா என்று யோசிக்கும்போது
அவர் சிரிப்பு நின்றுவிட்டது.
கோட்டு இல்லாமல் வெளியே போனார்.
விடியும் நேரம், பாறைமேல் ஒரு விஸ்காச்சா
அவரைப் பார்த்தும் ஓடவில்லை.
திரும்பி வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:
என் எண்ணை நம்பி மூன்று பேர் ஆய்வு முடித்திருக்கிறார்கள்.
முதலில் அவர்களுக்கு எழுத வேண்டும்.

கட்டுரை மார்ச்சில் வந்தது.
முதல் வாக்கியம்: இந்த ஆசிரியரின் முந்தைய முடிவு தவறு.
கடைசி வாக்கியம் நன்றி,
தொலைநோக்கியை இயக்கிய ஜெர்கோ பாஸ்தெனுக்கு.

என் பெயர் யெர்கோ.
முதல் கட்டுரையிலும் இதே பிழைதான்.
போனில் சொன்னேன். வெகுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.
பதிவேட்டில் எழுதி வையுங்கள், என்றார்,
எதையும் நீக்காமல். காற்று எப்படி?

வடக்கிலிருந்து, என்றேன்.
இன்றைக்குத் திறக்கவில்லை.